ஒளியும் நிழலும் எழுதும் முகம்



பழைய வீடுகளின் கூடத்துச் சுவரில், கதவு நிலைக்கு மேலே, சட்டமிட்ட நிழற்படங்கள் சிறிது முன்புறம் சாய்ந்தவாறு தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாட்டனார் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார்; பாட்டியார் அவர் அருகே நின்றிருப்பார். படத்தில் வண்ணம் என்பதே இராது. கறுப்பு, வெள்ளை, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தின் பல படிகள், இவ்வளவே. ஆயினும், வரிசையாக மாட்டியுள்ள படங்களுள் ஏதேனும் ஒன்றின் முன்னே நம் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன. அப்படத்தில் இருப்பவரை நாம் நேரில் கண்டதில்லை. அவர் குரலைக் கேட்டதில்லை. எனினும் அவரை நெடுநாள் அறிந்தாற்போன்ற ஓர் உணர்வு உள்ளத்தில் எழுகிறது. பக்கத்துப் படத்திலும் ஒரு முகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதனை நம் கண் கடந்து போய்விடுகிறது.

இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது? இரண்டும் காமிராவால் எடுக்கப்பட்டவைதாமே? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இக்காலத்தில் படம் எடுப்பது மிக எளிதாகிவிட்டது. கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் நிழற்படக்காரர்களே. நம் முப்பாட்டனார் தம் வாழ்நாள் முழுவதிலும் ஒருமுறையோ இருமுறையோதான் காமிராவின்முன் அமர்ந்திருப்பார். நாமோ ஒரே மாலையில் பல பத்து முறை நம்மைப் படம் எடுத்துக்கொள்கிறோம். எளிமை நல்லதே. ஆனால் படங்கள் பெருகப் பெருக, ஒரு முகத்தை நின்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துகொண்டே வருகிறது. கறுப்பு வெள்ளை உருவப்படக் கலையை நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம். அது பழமை என்பதற்காக அதனைப் போற்ற வேண்டியதில்லை. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் எவ்வளவு பொறுமையோடும் நேர்மையோடும் பார்க்க முடியும் என்பதை அக்கலை நமக்குக் காட்டுகிறது. அதற்காகவே அதனைப் பயில வேண்டும்.

தமிழில் ஓவியம் தீட்டுவதை 'ஓவியம் எழுதுதல்' என்று சொல்வது நெடுநாளைய வழக்கு. நிழற்படக் கலைக்கு ஐரோப்பியர் இட்ட பெயருக்கும் 'ஒளியால் எழுதுதல்' என்பதே பொருள். எழுதுவதற்குக் கோலும் மையும் இருந்தால் மட்டும் போதுமா? எழுதுபவன் வேண்டுமல்லவா? காமிராவும் அத்தகையதே. அது தன்முன் உள்ளதைப் பதிவு செய்யும். எதனைப் பதிவு செய்ய வேண்டும், எந்த ஒளியில், எந்த நொடியில் என்பவற்றை முடிவு செய்வது மனித உள்ளமே.

இக்கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பிரெஞ்சு நாட்டினரான டாகர் என்பவர் கண்ட முறை, 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் பாரிசு நகரில் உலகிற்கு வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிப்பது அம்முறை. அதே ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், விளக்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கார்னீலியஸ் என்ற இளைஞர், தம் கடையின் பின்புறத்தில் காமிராவை நிறுத்தி, தாமே அதன்முன் அசையாது நின்று, தம் உருவத்தைப் பதிவு செய்தார். இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மனித முகப்படங்களுள் அஃது ஒன்றாகும். கலைந்த தலையும் ஐயம் கலந்த பார்வையுமாக அவர் இன்றும் நம்மை நோக்கிக்கொண்டிருக்கிறார்.

அக்காலத்தில் ஒளி தகட்டில் பதியப் பல நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரமும் படத்திற்கு அமர்ந்தவர் அசையலாகாது. தலை ஆடாதிருக்க இரும்புக் கவை ஒன்றைப் பிடரிக்குப் பின்னே பொருத்துவதும் உண்டு. பழைய படங்களில் மாந்தர் சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புன்னகையை நிமிடக் கணக்கில் நிறுத்திவைப்பது எவர்க்கும் அரிது. 1840-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் மிகுதியான ஒளியை உட்கொள்ளும் லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு வகுத்தார். உருவப்படத்திற்கெனவே அமைந்த அந்த லென்ஸும், தகட்டின் உணர்வை மிகுவிக்கும் புதிய இரசாயன முறைகளும் சேர்ந்து, காத்திருக்கும் நேரத்தைப் பெரிதும் குறைத்தன. அதன்பின் உருவப்பட நிலையங்கள் நகரந்தோறும் தோன்றின. நம் சென்னையிலும் 1850-களிலேயே நிழற்படக் கழகம் ஒன்று அமைந்துவிட்டது.

இனி, கலையின் உட்பொருளுக்கு வருவோம். வண்ணம் இல்லாமை ஒரு குறையன்றோ என்று நீங்கள் கேட்கலாம். நம் செப்புத் திருமேனிகளை எண்ணிப் பாருங்கள். ஒரே உலோகம், ஒரே நிறம். ஆயினும் அவற்றின் வளைவும் குழைவும், கன்னத்தின் திரட்சியும், இதழின் நகையும் நம் உள்ளத்தைக் கவரவில்லையா? வண்ணம் ஒதுங்கி நிற்கும்போது வடிவம் பேசத் தொடங்குகிறது. வண்ணப்படத்தில் சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் நம் கண்ணைத் தம்பால் ஈர்க்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அத்தகைய ஈர்ப்பு இல்லை. எஞ்சியிருப்பவை ஒளியும் நிழலுமே. அவை நெற்றியின் சுருக்கத்தையும் கண்ணின் ஆழத்தையும் தாடையின் உறுதியையும் எடுத்துக் காட்டுகின்றன.

ஒளியை ஆளும் திறனே இக்கலைஞனின் முதல் திறன். இதனை நீங்களே வீட்டில் ஆராய்ந்து பார்க்கலாம். பகல் நேரத்தில், ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கும் அறையில், நண்பர் ஒருவரை அச்சன்னலை நேராக நோக்கி அமரச் செய்யுங்கள். முகம் முழுவதும் ஒளி பரவும். ஆனால் மேடு பள்ளம் தெரியாமல் முகம் தட்டையாகத் தோன்றும். பிறகு அவரை மெல்லத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு கன்னம் ஒளியில் நிற்க, மறுகன்னம் நிழலில் ஆழும். ஏறத்தாழப் பாதித் திருப்பத்தில், நிழல்பட்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோண வடிவில் ஒரு சிறு ஒளித் துண்டு விழுவதைக் காண்பீர்கள். ஆலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் தம் ஓவியங்களில் இவ்வகை ஒளியைப் பெரிதும் விரும்பிக் கையாண்டார். ஆதலின் நிழற்படக்காரர்கள் இதனை இன்றும் ரெம்பிராண்ட் ஒளி என்றே வழங்குகின்றனர். இன்னும் திருப்பினால் முகம் ஒளி பாதி, நிழல் பாதியாகப் பிளந்து, கடுமை கொண்டுவிடும். முகம் ஒன்றே, மனிதரும் அவரே; ஒளி வந்து விழும் திசை மாறியதனால் மட்டுமே இத்தனை மாற்றங்கள்! எந்த முகத்திற்கு எந்த ஒளி பொருந்தும் என்பதை அறிந்தவனே கலைஞன்.

மின்விளக்குப் பரவாத காலத்தில் ஸ்டூடியோக்களின் கூரையிலோ பக்கச் சுவரிலோ வடக்கு நோக்கிய கண்ணாடிப் பலகணி அமைப்பது வழக்கம். நேர் வெயிலின் கடுமை இல்லாமல், வானத்தின் மென்மையான ஒளி நாள் முழுவதும் சீராகக் கிடைக்கும் என்பதே அதன் காரணம். அவ்வொளியையும் வெள்ளைத் திரைகளை இழுத்தும் தள்ளியும் கூட்டிக் குறைத்தனர்.

அடுத்தது தொலைவு. காமிரா முகத்திற்கு மிக அருகே வந்தால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். காமிராவுக்கு அண்மையில் உள்ளது பெரிதாகத் தெரிவது இயல்பே. கைநீளத் தொலைவில் நம்மை நாமே எடுத்துக்கொள்ளும் படங்களில் நம் முகம் சிறிது பிறழ்ந்து தோன்றுவது இதனால்தான். உருவப்படக் கலைஞன் ஐந்தாறு அடி விலகி நின்று, அத்தொலைவிற்கு ஏற்ற நீண்ட குவிதூரமுள்ள லென்ஸைப் பயன்படுத்துவான். ஒருவரோடு மரியாதையுடன் உரையாடும்போது நாம் விலகி நிற்கும் தொலைவும் ஏறத்தாழ அதுவே என்பது எண்ணத்தக்கது.

ஒளியையும் தொலைவையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அமர்ந்திருப்பவரின் உள்ளம் முகத்தில் மலரும் நொடியை எவ்வாறு பெறுவது? முகம் நெஞ்சின் கண்ணாடி என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியம் மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. காமிராவின்முன் அமர்ந்தவுடன் மனிதர் ஒரு முகமூடியை அணிந்துகொள்கிறார். பெருமை, கூச்சம், அச்சம் ஆகிய ஏதோ ஒன்று அவர் இயல்பை மறைத்துவிடுகிறது. அம்முகமூடி நழுவும் நொடிக்காகக் கலைஞன் காத்திருக்கிறான். சில வேளைகளில் அந்நொடியைத் தானே வருவித்தும் விடுகிறான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் கனடாவின் ஒட்டாவா நகரில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் உரையாற்றினார். உரை முடிந்ததும் அவரைப் படமெடுக்கக் காத்திருந்தவர் யூசுப் கார்ஷ் என்ற இளைஞர். துருக்கி நாட்டில் பிறந்து, கொடுமைகளுக்குத் தப்பி, சிறுவயதில் கனடாவில் குடியேறிய ஆர்மீனியர் அவர். சர்ச்சிலின் வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. சாம்பற் கிண்ணத்தை நீட்டியும் அவர் அதனை எடுக்கவில்லை. காமிராவை முற்றிலும் சரிசெய்து வைத்துவிட்டு, கார்ஷ் மெல்ல அருகே சென்று, மன்னிப்புக் கேட்டவாறே அச்சுருட்டைப் பற்றி எடுத்துவிட்டார். சர்ச்சிலின் புருவம் நெரிந்தது. கண்கள் சினத்தால் கூர்மை பெற்றன. அந்நொடியில் படம் பதிவாயிற்று. பணியாத உறுதியின் வடிவமாக அப்படத்தை உலகம் ஏற்றுக்கொண்டது. சர்ச்சிலின் அரசியலை, சிறப்பாக இந்தியாவின்பால் அவர் கொண்டிருந்த நோக்கை, நாம் எவ்வாறு மதிப்பிட்டாலும், அவர் முகத்தை நமக்கு உணர்த்திய அக்கலைஞரின் துணிவை மறுத்தற்கியலாது. அதே அமர்வில் அவர் புன்னகை புரியும் படம் ஒன்றும் எடுக்கப்பட்டது; ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது சினந்த முகத்தையே.

துணிவினால் விளைந்த படம் அது. அன்பினால் விளைந்த படம் ஒன்றையும் காண்போம். ஜூலியா மார்கரெட் காமரன் என்ற அம்மையார் 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் அவர் வாழ்ந்துவந்தபோது, 1863-ஆம் ஆண்டின் இறுதியில், அவருடைய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. அந்த வயதில் அவர் ஒரு புதிய கலையைக் கற்கத் தொடங்கினார்! நிலக்கரி வைக்கும் அறை அவருக்கு இருட்டறையாயிற்று. கோழிக்கூண்டாக இருந்த கண்ணாடிக் கூடம் ஸ்டூடியோவாயிற்று. அக்காலத்து முறைப்படி கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் என்னும் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காயும்முன் படமெடுத்து, ஈரம் காயும்முன் இருட்டறையில் விளக்கியும் ஆகவேண்டும். அவர் விரல்கள் இரசாயனக் கறையால் கறுத்தன.

அவர் எடுத்த படங்களுள் தலைசிறந்தது சர் ஜான் ஹெர்ஷெலின் உருவப்படம். ஹெர்ஷெல் பெரும் வானியல் அறிஞர். அம்மையாருக்கு முப்பது ஆண்டுகாலக் குடும்ப நண்பர். 1867-ஆம் ஆண்டு அப்படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு 75 வயது. கருந்துணி போர்த்திய உடல் இருளில் மறைந்துவிட, நரைத்த கூந்தல் ஒளிவட்டம்போல் விரிந்து நிற்க, அம்முதிய முகம் மட்டும் இருளிலிருந்து எழுகிறது. பதவியைக் காட்டும் பட்டயங்கள் இல்லை. பக்கத்தில் தொலைநோக்கி இல்லை. அடுக்கிய நூல்கள் இல்லை. நெடுங்காலம் விண்மீன்களை நோக்கிய அக்கண்களே போதும் என்று அம்மையார் எண்ணினார் போலும். கூந்தல் அவ்வாறு பொங்கி நிற்க வேண்டுமென்று, படத்திற்குமுன் தலையை நீராட்டி உலர்த்துமாறு அவரை வேண்டினார் என்றும் சொல்வர். அம்மையாரின் படங்களில் கோடுகள் கூர்மையாக இல்லை என்று அக்காலத்து நிழற்படக்காரர் பலர் எள்ளி நகையாடினர். அந்த மென்மையே முகத்திற்கு உயிர் தருகிறது என்பதைப் பிற்காலம் உணர்ந்தது.

இதில் வியப்பிற்குரிய பொருத்தம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. நிழற்படக் கலைக்கு ஹெர்ஷெல் வெளியாள் அல்லர். வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ஆற்றல் ஹைப்போ என நாம் வழங்கும் பொருளுக்கு உண்டு என்பதை 1819-ஆம் ஆண்டிலேயே கண்டவர் அவர். 1839-இல் நிழற்படம் தோன்றியபோது, எடுத்த படம் ஒளிபட்டு அழியாதவாறு நிலைநிறுத்த அதுவே மருந்து என்று காட்டியவரும் அவரே. அவர் கண்ட பொருள், அவர் முகத்தையே காலத்தால் அழியாதவாறு காத்துவிட்டது!

அந்த இருட்டறைக்குள் நாமும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம். படச்சுருளில் ஒளி பதிந்ததும் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உருவம் உறங்கும் விதைபோல் மறைந்திருக்கும். டெவலப்பர் என்னும் கரைசல் ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கருமையான வெள்ளித் துகளாக மாற்றுகிறது. ஹைப்போ எஞ்சிய உப்பைக் கரைத்து நீக்குகிறது. இவ்வாறு கிடைப்பது நெகடிவ் எனப்படும் எதிர்ப்படம். அதில் வெளுத்தது கறுத்தும், கறுத்தது வெளுத்தும் தோன்றும். இதன் வழியாக ஒளியைத் தாளின்மேல் செலுத்தி, அத்தாளையும் முன்போலவே கரைசல்களில் இடும்போது, செவ்விளக்கின் மங்கிய ஒளியில், வெற்றுத் தாளில் முதலில் தலைமுடியும், பிறகு கண்களும், பிறகு கன்னத்தின் மெல்லிய நிழலும் படிப்படியாகத் தோன்றும். எத்தனை ஆண்டுகள் பழகியவர்க்கும் அக்காட்சி தெவிட்டாது.

ஈண்டும் கைத்திறனுக்கு இடமுண்டு. தாளின்மேல் ஒளி விழும்போது கலைஞன் தன் கையையோ சிறு அட்டைத் துண்டையோ இடையே ஆட்டி, ஒரு பகுதிக்கு ஒளியைக் குறைப்பான்; அப்பகுதி வெளுத்துத் துலங்கும். இன்னொரு பகுதிக்குக் கூடுதலான ஒளி தருவான். அது கறுத்து அடங்கும். பின்னணியின் பளபளப்பை அடக்கி, கண்களைச் சற்றே துலங்கச் செய்வது இவ்வாறுதான். இறுதியாக, ஓடும் நீரில் நெடுநேரம் தாளைக் கழுவ வேண்டும். ஹைப்போ சிறிது தங்கிவிட்டாலும் சில ஆண்டுகளில் படம் மஞ்சள் பூத்து மங்கிவிடும். யாரும் காணாத இக்கழுவும் வேலையில் பொறுமை காட்டியவர்களின் படங்களே இன்றும் நம் சுவர்களில் நிலைத்து நிற்கின்றன. தொழிலில் நேர்மை என்பது இதுவன்றோ!

நேர்மை என்று சொல்லும்போது, இக்கலையைப் பற்றிய ஓர் இடர்ப்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். எதிர்ப்படத்தின்மேல் கூரிய பென்சிலால் நுண்ணிதாகத் தீட்டினால், அச்சிட்ட படத்தில் அவ்விடம் வெளுக்கும். நம் ஸ்டூடியோக்களில் இதனை 'டச்சிங்' என்பர். பருவையும் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் மறைக்க இது பயன்பட்டது. இதற்கு மிகுந்த கைத்திறன் வேண்டும். அளவோடு செய்தால் அது குறையன்று. ஆனால் அளவு மீறியபோது நேர்ந்தது என்ன? நெற்றியின் வரிகள் மறைந்தன. மாநிற முகங்களும் கருநிற முகங்களும் வெளுப்பாக்கப்பட்டன.

இதற்குத் தகடுகளின் தன்மையும் ஒரு காரணமாகும். பழைய தகடுகள் நீல நிறத்தையே நன்கு உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. நம்மவரின் மேனி நிறத்தில் சிவப்பின் கூறு மிகுதி. ஆதலின் அத்தகடுகளில் நம் முகம் உள்ளதைவிடக் கறுத்தே பதிந்தது. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளும் படச்சுருள்களும் இருபதாம் நூற்றாண்டில் பரவியபின் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆயினும் முகத்தை வெளுப்பாக்கும் வழக்கம் நீங்கவில்லை. அது இன்று பென்சிலை விட்டுக் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது, அவ்வளவே வேறுபாடு. கருமேனியின் மினுமினுப்பு கறுப்பு வெள்ளைப் படத்திற்குக் கிடைத்த அரிய செல்வம். பக்கவாட்டில் வரும் மெல்லிய ஒளியில் அம்மேனி தேய்த்து விளக்கிய செம்புபோல் ஒளிரும். அவ்வொளியைக் காணும் கண் உடையவன் அதனை வெளுக்கச் செய்யத் துணிவானா? ஒருவர் முகத்தை உள்ளவாறு ஏற்பது அவரையே உள்ளவாறு ஏற்பதாகும்.

யாருடைய முகம் படத்திற்கு உரியது என்ற கேள்வியும் இதனோடு தொடர்புடையது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆகஸ்ட் சாண்டர் என்ற நிழற்படக்காரர் இருந்தார். தம் நாட்டு மக்கள் அனைவரையும், உழவர் முதல் அறிஞர் வரை, வேலையற்றோர் முதல் செல்வர் வரை, ஒரே நோக்கோடு பதிவு செய்வதைத் தம் வாழ்நாட் பணியாக அவர் மேற்கொண்டார். பெரிய கலவைப் பாத்திரத்தோடு நிற்கும் பணியாரக்காரர், தோளில் செங்கல் சுமந்து நிற்கும் தொழிலாளி ஆகியோரை 1928-ஆம் ஆண்டில் அவர் எடுத்த படங்களைக் காணுங்கள். ஓர் அரசர்க்குரிய நிமிர்வு அவர்களிடம் காணப்படுகிறது. அவ்வரிசையிலிருந்து 60 படங்களைத் தேர்ந்து 1929-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1936-இல் நாஜி அரசு அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்துவிட்டது. ஓர் இனமே உயர்ந்தது, ஒரு முகமே அழகியது என்று சாதித்தவர்கள், எல்லா முகங்களுக்கும் சம மதிப்புத் தந்த ஒரு நூலைப் பொறுக்கவில்லை. உருவப்படம் வெறும் அலங்காரப் பொருள் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காமரன் அம்மையாரின் வரலாற்றின் இறுதிப் பகுதியும் இங்கே நினைக்கத்தக்கது. 1875-ஆம் ஆண்டு அவர் தம் கணவருடன் இலங்கைக்குச் சென்றார். அங்கே அக்குடும்பத்திற்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் அந்நாட்டிலேயே மறைந்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. இங்கிலாந்தில் எடுத்த பெரியோர் படங்களின் கீழே அவரவர் பெயர் விளங்குகிறது. இலங்கைப் படங்களுள் ஒன்றன் தலைப்போ 'களுத்துறை உழவர் குழு' என்பதுதான். அவ்வுழவரின் முகங்களில் ஒளி அதே பரிவோடுதான் விழுந்திருக்கிறது. ஆனால் அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒளி வேறுபாடு பார்ப்பதில்லை. பெயரை எழுதிவைக்கும் மனிதரே வேறுபாடு பார்க்கின்றனர்.

நம் நாட்டிலும் இக்குறை நேராதிருக்க நீங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பாரதியாரின் கூரிய பார்வையை இன்று நாம் அறிந்திருப்பது ஒருசில நிழற்படங்கள் எஞ்சியதனால்தான். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இருந்த ஸ்டூடியோக்கள், திரைச்சீலையும் வேலைப்பாடமைந்த நாற்காலியும் பூந்தொட்டியுமாக, பல்லாயிரம் குடும்பங்களின் முகங்களைப் பதிவு செய்தன. கடைகள் மூடப்பட்டபோது அவற்றின் கண்ணாடித் தகடுகள் பல குப்பையில் சேர்ந்தன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, எஞ்சியவற்றைத் தேடி, கணினிப் படிகளாக்கிக் காக்கும் பணியை மேற்கொண்டது பாராட்டுக்குரியது. ஆனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் ஆய்வாளர்கள் எட்ட முடியுமா? அது வீட்டிலுள்ள இளைஞர்களின் கடமை.

விடுமுறை நாளொன்றில், வீட்டிலுள்ள பழைய படங்களைக் கீழே இறக்குங்கள். ஈரச்சுவரில் நெடுநாள் தொங்கும் படத்தில் பூஞ்சை படரும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க முயலவேண்டா. தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள், தண்ணீர் கூடாது. பிறகு, வீட்டிலுள்ள மூத்தவரை அருகே அமர்த்தி, ஒவ்வொருவராக யார் என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும்.

எழுதி முடித்தபின் அப்படங்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது? கண்மணியில் சன்னலின் வடிவம் தெரிகிறதா? கைகள் இறுகியிருக்கின்றனவா, தளர்ந்திருக்கின்றனவா? பென்சில் தொட்ட இடம் எது, தொடாத இடம் எது? காமிராவின் பின்னே நின்றவர் இம்மனிதரிடம் எதனைக் கண்டார்? இக்கேள்விகளைக் கேட்கப் பழகியவர்க்குப் பழைய படம் ஒவ்வொன்றும் ஒரு நூலாக விரியும். சுவரிலுள்ள ஒரு படம் நம்மை நிறுத்துவதும் மற்றொன்று நம்மை விட்டுவிடுவதும் ஏன் என்பது அப்பொழுது தானே விளங்கும். ஒன்றில் யாரோ ஒருவர் அந்த முகத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறார். மற்றொன்றில் காமிரா மட்டுமே பார்த்திருக்கிறது.

நாளை நீங்கள் ஒருவரைப் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தும்போது, பொத்தானை அழுத்துமுன் அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அவரைச் சன்னலருகே அமரச் செய்யுங்கள், ஓரிரு சொற்கள் பேசுங்கள், சிறிது காத்திருங்கள். கருவி புதியதாயினும், அப்பொழுது நீங்கள் பயில்வது அப்பழைய கலையையே ஆகும்.